லேண்டிங் கியர் ஆக்சுவேட்டரைக் கழற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறிய விமானத்தின் சக்கரங்களை மேலிழுக்கும் ஹைட்ராலிக் ஆக்சுவேட்டர் பார்வைக்கு எளிமையான உறுப்பு. ஒரு சிலிண்டர், அதற்குள் ஓடும் பிஸ்டன் ராட், இரண்டு குழாய் இணைப்புகள், இரு முனைகளிலும் போல்ட்டுகள். இதைக் கழற்றுவது கடினமில்லை என்ற எண்ணமே அவசரத்துக்கு இடம் கொடுக்கிறது. கழற்றும்போது செய்த பிழை அப்போதே தெரிவதில்லை. திரும்ப மாட்டும்போதோ, பல மாதங்கள் கழித்து விமானி இறங்க வரும் நேரத்தில், சக்கரங்கள் கீழே பூட்டிக்கொண்டதைக் காட்டும் மூன்று பச்சை விளக்குகளில் ஒன்று எரியாமல் இருக்கும்போதோதான் அது வெளிப்படுகிறது. சிங்கப்பூரின் சிலேத்தார் விமான நிலையத்தில் இத்தகைய விமானங்களில் கை வைக்கத் தொடங்கியிருக்கும் நம் இளம் தொழில்நுட்பர்களை மனத்தில் கொண்டு, பைப்பர் ஆரோ வகை விமானத்தை எடுத்துக்காட்டாக வைத்து எழுதுகிறேன். பீச்கிராஃப்ட் பொனான்சா போல ஒரே மின் மோட்டாரும் தள்ளுகோல்களும் சக்கரங்களை இயக்கும் விமானங்களுக்கு முறை வேறு.

முதல் தவறு ஜாக்கில் ஏற்றியவுடன் நிகழ்கிறது. தரையில் நிற்கும் விமானத்தில் யாரேனும் சக்கரங்களை ஏற்றி இறக்கும் கியர் லீவரை மேலே தள்ளிவிட்டாலும் ஹைட்ராலிக் பம்ப் ஓடாதபடி, காலின் மேல் எடை இருப்பதை உணரும் ஸ்க்வாட் சுவிட்ச் தடுக்கிறது. ஜாக்கில் ஏறியதும் சக்கரக் கால்களின் ஸ்ட்ரட் (அதிர்வைத் தாங்கும் தண்டு) முழுவதுமாக நீண்டுவிடுவதால், விமானம் பறந்துகொண்டிருப்பதாகவே அந்தச் சுவிட்ச் எடுத்துக்கொள்ளும். அந்த நிலையில் மின்சாரம் இணைந்திருந்து, காக்பிட்டில் இருப்பவரின் முழங்கை லீவரில் பட்டாலும் போதும், கீழே கையை நீட்டியிருப்பவரின் விரல்களுக்கு ஆபத்து. ஆகவே மாஸ்டர் சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள், ஹைட்ராலிக் பம்பின் சர்க்யூட் பிரேக்கரை இழுத்துவிடுங்கள், லீவரில் எச்சரிக்கை அட்டையைத் தொங்கவிடுங்கள். வால் பகுதியில் பராமரிப்புக் கையேடு கூறும் எடையை வைத்து நிலைப்படுத்தாமல் வேலையைத் தொடங்கவும் கூடாது. விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து திடீரென வரும் பலத்த காற்று இங்கு பழகிய ஒன்றுதான் என்பதால், ஹேங்கர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு விமானத்தை ஜாக்கில் நிறுத்துவதை நான் ஏற்பதில்லை.

அடுத்தது அழுத்தம். ஆரோவில் சக்கரங்களை மேலே பிடித்து வைக்கத் தனிப் பூட்டு கிடையாது. ஹைட்ராலிக் அழுத்தம் மட்டுமே அவற்றைத் தாங்குகிறது. கசிவு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதற்காகச் சக்கரங்களை மேலேற்றி வைத்துவிட்டு, அதே நிலையில் ஒரு குழாயைத் தளர்த்துபவர் ஒரு காலை மட்டும் விடுவிப்பதில்லை. அழுத்தம் இறங்கியவுடன் மூன்று கால்களும் சேர்ந்து விழும். சக்கரங்களைக் கீழிறக்கி, கீழிறங்கிய கால்களைப் பிடித்து நிறுத்தும் பூட்டுக் கொக்கிகள் முழுமையாக விழுந்திருப்பதைக் கண்ணால் பார்த்து, மின்சாரத்தைத் துண்டித்து, அவசர இறக்கக் கைப்பிடியால் மிச்ச அழுத்தத்தையும் வெளியேற்றிய பிறகே ஸ்பேனரை எடுக்க வேண்டும். அழுத்தத்துடன் ஊசிபோல் பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகக்கூடியது. வெளியே சிறு புள்ளியாகத்தான் தெரியும் என்றாலும், அது உடனடியாக மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம்.

ராட் எண்ட் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் அதிகமான தொல்லை இங்கிருந்துதான் பிறக்கிறது. பிஸ்டன் ராடின் நுனியில் மரையிட்டுப் பொருத்தப்பட்ட அந்தக் கண் எவ்வளவு தூரம் உள்ளே திருகப்பட்டிருக்கிறது என்பதுதான் ஆக்சுவேட்டரின் மொத்த நீளத்தைத் தீர்மானிக்கிறது. அரைச் சுற்று மாறினாலும் பிஸ்டன் தன் ஓட்டத்தின் எல்லையை முன்னதாகவே தொட்டுவிடலாம். அப்படியானால் கொக்கி முழுதாக விழாமலோ, சக்கரம் தன் குழிக்குள் சரியாக அடங்காமலோ போகும். எனவே லாக் நட்டைத் தளர்த்துவதற்கு முன்பே, கண்ணின் மையத்திலிருந்து கையேடு குறிப்பிடும் இடம் வரையுள்ள நீளத்தை வெர்னியரால் அளந்து, வேலைத்தாளில் எழுதிவிடுங்கள். வெளியே தெரியும் மரைகளை எண்ணி அதையும் பக்கத்தில் குறித்துவையுங்கள். பழைய அளவே சரியானது என்று இதற்குப் பொருளில்லை. இறுதிச் சரிசெய்தல் கையேட்டின்படியே நடக்கும். ஆனால் தொடங்கும் இடம் தெரியாமல் சரிசெய்ய முனைபவர் நாள் முழுவதும் ஜாக்கின் அடியிலேயே இருக்க நேரிடும். லாக் நட்டைத் திருப்பும்போது ராட் சுழலாமலிருக்க, பளபளப்பான குரோம் பரப்பைப் பிளையரால் பிடிக்கும் பழக்கத்தை அறவே விட்டுவிட வேண்டும். அதில் விழும் மெல்லிய கீறல் ஒவ்வொரு இயக்கத்திலும் சீலைச் சுரண்டிக்கொண்டே இருக்கும். பிடிப்பதற்கென்று தட்டையாகச் செதுக்கப்பட்ட பரப்பு ராடில் இருந்தால், ஸ்பேனர் அங்கேதான் உட்கார வேண்டும்.

ஜோகூர் நீரிணையை ஒட்டிய நம் ஹேங்கர்களில் உப்புக் காற்றும் ஈரமும் ஆண்டு முழுவதும் உண்டு. அதனால் போல்ட்டுகள் தம் துளைகளில் இறுகிப்போவது சாதாரணம். இறுகிய போல்ட்டை இரும்புச் சுத்தியலால் நேராக அடித்தால் அதன் முனை விரிந்து துளையைக் கெடுக்கும், அதைத் தாங்கும் பிராக்கெட்டும் வளையக்கூடும். துரு இளக்கும் எண்ணெயை விட்டுப் பொறுத்திருந்து, பிராக்கெட்டின் மறுபக்கத்தைத் தாங்கிக்கொண்டு, பித்தளைக் கோலால் மெல்லத் தட்டுங்கள். போல்ட்டின் தலை எந்தப் பக்கம் பார்த்திருந்தது, எத்தனை வாஷர்கள் எங்கெங்கே இருந்தன என்பதை வெளியே எடுப்பதற்கு முன் படம் எடுத்துக்கொள்வது நல்லது. நட்டு கழலாமல் தடுக்கும் காட்டர் பின்னை மறுமுறை பயன்படுத்தவே கூடாது.

குழாய்களைக் கழற்றும்போது, ஆக்சுவேட்டரின் பக்கத்து இணைப்பை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு மற்றொன்றால் நட்டைத் திருப்ப வேண்டும். ஒற்றை ஸ்பேனர் குழாயையே முறுக்கிவிடும். மேலேற்றும் குழாய் எது, கீழிறக்கும் குழாய் எது என்று இரண்டிலும் அடையாளமிடுங்கள். இடம் மாறி இணைத்துவிட்டால், கீழிறக்கக் கட்டளை கொடுத்ததும் அந்த ஒரு கால் மட்டும் மடங்க முயலும். திறந்த வாய்களைத் துணியால் அடைப்பதும் டேப்பால் ஒட்டுவதும் நூலிழையையும் பசையையும் உள்ளே அனுப்பும் வழிகள். அளவான மூடிகளை முன்கூட்டியே எடுத்து வைத்திருங்கள். எண்ணெய் விஷயத்தில் பெரிய விமானங்களில் வேலை பார்த்துவிட்டு வருபவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஆரோவில் ஓடுவது சிவப்பு நிறக் கனிம எண்ணெய். பெரிய ஜெட் விமானங்களில் பயன்படும் ஊதா நிற ஸ்கைட்ரால் இதன் சீல்களை ஊதி மென்மையாக்கிவிடும். வடித்த எண்ணெயைக் கால்வாயில் ஊற்றாமல், உரிமம் பெற்ற நச்சுக் கழிவுச் சேகரிப்பாளரிடம் ஒப்படைக்க வேண்டும்.

ஆக்சுவேட்டர் வெளியே வந்த பிறகு அந்தக் காலின் அசைவை மட்டுப்படுத்த எதுவும் இல்லை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பூட்டுக் கொக்கி கைபட்டு விலகினால் கால் தடையின்றி ஆடும். ஆகவே மாற்று உறுப்பு வரும்வரை காலைக் கட்டி நிறுத்துங்கள்.

மாட்டி முடித்தபின் ஒரே ஒரு முறை சக்கரங்களை ஏற்றி இறக்கிவிட்டு விமானத்தை ஜாக்கிலிருந்து இறக்குவது கடைசித் தவறு. சிலிண்டருக்குள் அடைபட்ட காற்று வெளியேறும்வரை பலமுறை இயக்கி, ஒவ்வொரு முறையும் மூன்று விளக்குகளையும் கொக்கிகளையும் பார்க்க வேண்டும். பம்பின் துணையின்றி, அவசரக் கைப்பிடியை மட்டும் இயக்கி, மூன்று கால்களும் தாமாகவே விழுந்து பூட்டிக்கொள்கின்றனவா என்று சோதிக்காமல் வேலை முடிந்ததாகக் கொள்ளக் கூடாது. ராட் எண்டின் இறுதி நீளத்தையும் அவசர இறக்கச் சோதனையின் முடிவையும் பணிப்பதிவில் எழுதி, எஸ்.ஏ.ஆர். 66 (சிங்கப்பூரின் விமானப் பராமரிப்பு உரிம விதி) உரிமம் பெற்ற பொறியாளரிடம் கொடுங்கள். அடுத்த முறை இதே காலைத் திறப்பவருக்கு அந்த எண் தேவைப்படும்.