ஹிமாலயன் 411-க்கு ஹைட்ராலிக் கிளட்ச்: அளவெடுப்பதிலிருந்து ஏர் எடுப்பது வரை

கொல்லிமலைச் சாலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்த அன்று, தேநீர்க் குவளையை இடக்கையால் பிடிக்க முடியவில்லை. விரல்கள் மரத்துப் போயிருந்தன. குறை வண்டியில் இல்லை. பல ஆண்டுகளாக மாற்றாமல் விட்ட கிளட்ச் கேபிளில் இருந்தது. புது கேபிள் போட்டதும் வலி பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதிக்காகத்தான், கேபிளுக்குப் பதில் ஆயில் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் கிளட்ச் பக்கம் போனேன்.

நீங்களும் அதே வரிசையில் போகவேண்டும் என்பதே என் வேண்டுகோள். லிவர் கடினமாக இருக்கிறது என்றால் முதலில் கேபிளைக் கழற்றிப் பாருங்கள். உள்கம்பியில் ஓர் இழை அறுந்திருந்தாலோ, உறை எங்காவது கூர்மையாக மடங்கியிருந்தாலோ, அதை மாற்றுவதுதான் வைத்தியம். சில நூறு ரூபாயில் தீரும் வேலைக்குப் பல ஆயிரம் செலவழிக்க வேண்டாம். புது கேபிளுடன் ஒரு மாதம் ஓட்டியும் கை வலித்தால் மேலே படியுங்கள்.

2016-இல் வந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411-ஐ வைத்து எழுதுகிறேன். நான் கைவைத்துப் பழகிய வண்டி அதுதான். கேபிள் கிளட்ச் உள்ள மற்ற வண்டிகளுக்கும் முறை இதுவே. அளவுகள் மட்டும் மாறும்.

ஹைட்ராலிக் எதைக் குறைக்கிறது?

கிளட்ச் பிளேட்டுகளை இறுக்கிப் பிடித்திருக்கும் ஸ்பிரிங்குகளின் வலிமையை ஹைட்ராலிக் அமைப்பு ஒரு துளியும் குறைப்பதில்லை. கேபிள், உறைக்குள் உராய்ந்து உராய்ந்து விழுங்கும் விசையைத்தான் அது மிச்சப்படுத்துகிறது. கேபிளில் ஒவ்வொரு வளைவும் உராய்வைக் கூட்டும். ஹோஸில் அடைபட்ட ஆயிலுக்கு அந்தத் தொல்லை மிகக் குறைவு. பள்ளியில் படித்த பாஸ்கல் விதிதான் இது: அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும்.

இரண்டாவது ஆதாயம், பிளேட் தேயத் தேய அமைப்பு தன்னைத்தானே சரிசெய்துகொள்வது. அவ்வப்போது அட்ஜஸ்டரைத் திருகும் வேலை போய்விடும். கை மென்மையைவிட எனக்கு இதுதான் பெரிது.

லிவர் அருகில் இருந்து ஆயிலைத் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர். எஞ்சின் பக்கம், கேபிள் முன்பு பூட்டியிருந்த இடத்தில் உட்காருவது ஸ்லேவ் சிலிண்டர். கேபிள் கிளட்ச் எஞ்சினில் ஒரு சிறிய கை இழுபட்டுத்தான் கிளட்ச் விடுபடும். ஆகவே நமக்குத் தேவை இழுக்கும் வகை ஸ்லேவ். தள்ளும் வகையை வாங்கினால் தனியாக பிராக்கெட் அடிக்க வேண்டிவரும். புதியவர்கள் அதைத் தொட வேண்டாம்.

வாங்குவதற்கு முன் அளவெடுங்கள்

இந்த வேலையில் தோற்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தோற்கிறார்கள். விளம்பரப் படத்தைப் பார்த்துவிட்டு, அளவு பாராமல் வாங்கிவிடுகிறார்கள்.

எஞ்சினை நிறுத்தி, வண்டியை நடு ஸ்டாண்டில் போடுங்கள். முதல் கியரில் வைத்து, பின்சக்கரத்தைக் கையால் சுற்ற முயலுங்கள், கடினமாக இருக்கும். நண்பர் ஒருவரை லிவரை மெல்ல மெல்ல அழுத்தச் சொல்லுங்கள். சக்கரம் விடுபடும் அந்தக் கணத்தில் நிறுத்தச் சொல்லி, எஞ்சின் பக்கத்தில் உள்கம்பி எத்தனை மி.மீ. நகர்ந்திருக்கிறது என்று வெர்னியர் காலிப்பரால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு லிவரை முழுவதும் அழுத்தி இன்னொரு அளவு. முதல் அளவு குறைந்தபட்சத் தேவை, இரண்டாவது உச்சம். ஸ்லேவ் இழுக்கும் தூரம் இந்த இரண்டுக்கும் நடுவே, உச்சத்தை ஒட்டி இருக்கவேண்டும்.

இனி ஒரு சின்னக் கணக்கு. எண்கள் எடுத்துக்காட்டுக்கு மட்டுமே. மாஸ்டர் பிஸ்டன் 14 மி.மீ. விட்டம், அது நகரும் தூரம் 12 மி.மீ. ஸ்லேவ் பிஸ்டன் 16 மி.மீ. விட்டம், அதன் நடுவே போகும் கம்பி 6 மி.மீ. இழுக்கும் வகையில் ஆயில் கம்பிப் பக்கம் இருந்துதான் அழுத்துகிறது. ஆகையால் கம்பியின் பரப்பைக் கழிக்கவேண்டும். 16-இன் வர்க்கம் 256, அதில் 36 போனால் 220. 14-இன் வர்க்கம் 196. 12-ஐ 196-ஆல் பெருக்கி 220-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 10.7 மி.மீ. ஸ்லேவ் இவ்வளவு இழுக்கும்.

அதே ஸ்லேவுக்கு 12 மி.மீ. மாஸ்டர் போட்டால் 7.9 மி.மீ.தான் கிடைக்கும். லிவர் வெண்ணெய் போல இருக்கும். ஆனால் கிளட்ச் முழுதாக விடுபடாது. நியூட்ரல் விழாது, கியர் போடும்போது வண்டி முன்னே தாவும். 14 மி.மீ. மாஸ்டரில் விரலுக்கு அதைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமான விசை வேண்டும், ஆனால் வேலை நடக்கும். மென்மையும் நகரும் தூரமும் ஒரே தராசின் இரு தட்டுகள். ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும். இரண்டையும் கூட்டித் தருவதாகச் சொல்லும் விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.

பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு இருந்தால், லிவர் நுனியில் மாட்டி இழுத்து, இப்போது எத்தனை கிலோ காட்டுகிறது என்று எழுதி வையுங்கள். மாற்றிய பிறகு ஒப்பிட உதவும்.

எந்த ஆயில்?

மாஸ்டர் சிலிண்டர் மூடியில் எழுதியிருப்பதை மட்டும் நம்புங்கள். டாட் 4 (பிரேக் ஆயில் வகை) என்றிருந்தால் டாட் 4. மினரல் ஆயில் என்றிருந்தால் அதுதான். இரண்டுக்கும் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் வேறு. மாற்றி ஊற்றினால் சீல் ஊதிப்போய் சில நாட்களில் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். கழுவி மீட்கவும் முடியாது. டாட் 5 என்பது சிலிக்கான் வகை. பெயர் ஒத்திருக்கிறது என்று அதை ஊற்றிவிடாதீர்கள்.

டாட் 4 பெயின்ட்டைத் தின்னும். டேங்கின் மேல் நனைத்த தடித்த துணியை விரித்துவிட்டே மூடியைத் திறங்கள். சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவினால் போதும், அது தண்ணீரில் கரைந்துவிடும். கண்ணாடி அணியுங்கள்.

பொருத்துதல்

இதில் நீட்டிச் சொல்ல அதிகம் இல்லை. பழைய கேபிளின் அட்ஜஸ்டர்களை முழுவதும் தளர்த்தி இரு முனைகளையும் விடுவித்து, பழைய லிவரை அதன் பிடியோடு கழற்றுங்கள். கிளட்ச் சுவிட்ச் ஒயர் இருந்தால் அறுக்காமல் இணைப்பில் பிரியுங்கள். அந்தச் சுவிட்ச் புது லிவரிலும் வேலை செய்யவேண்டும். ஒயர்களை நேராக முறுக்கிவிட்டுப் போகும் பழக்கம் உண்டு. அப்படிச் செய்தால் கியரில் நிற்கும் வண்டி ஸ்டார்ட்டரைத் தொட்டதும் பாயும்.

ஹேண்டில்பாரில் பிடி மாட்டும் இடத்தின் விட்டம் 22 மி.மீ. புது மாஸ்டரை மாட்டி, போல்ட்டுகளைக் கையிறுக்கமாக விட்டு, ஹேண்டிலை இடமும் வலமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். ஆயில் குடுவை டேங்கிலோ முன்கண்ணாடியிலோ கைக்காப்பிலோ இடிக்கக் கூடாது. ஹோஸையும் அதேபோல் சோதியுங்கள். எங்கும் இழுபடக் கூடாது, சைலன்சர் குழாயின் அருகில் போகக் கூடாது.

ஹோஸின் இரு முனையிலும் வருவது பேஞ்சோ போல்ட், அதாவது நடுவே ஆயில் போகத் துளையுள்ள போல்ட். ஹோஸ் முனை வளையத்தின் இருபுறமும் புதிய செம்பு வாஷர், ஒவ்வொரு இணைப்புக்கும் இரண்டு. 10 மி.மீ. போல்ட்டில் 1.0, 1.25 என்று இருவகை மரை உண்டு. விரலாலேயே நான்கைந்து சுற்று இலகுவாகப் போகவேண்டும். போகாவிட்டால் ஸ்பேனரை எடுக்காதீர்கள், மரை வேறு. அலுமினிய மரை ஒருமுறை போனால் மாஸ்டரே போயிற்று. கடைசி இறுக்கத்தைக் கிட்டுடன் வரும் தாளில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சில் வையுங்கள்.

ஸ்லேவை பழைய கேபிள் பிராக்கெட்டிலேயே நிறுத்தி, அதன் கம்பியை எஞ்சின் கையில் மாட்டுங்கள். இங்கே பலர் தவறவிடும் ஒரு நுட்பம் உண்டு. லிவரைத் தொடாத நிலையில் ஸ்லேவ் பிஸ்டன் தன் ஓட்டத்தின் தொடக்கச் சுவரில் முட்டி நிற்கக் கூடாது; பின்வாங்க 2 அல்லது 3 மி.மீ. இடம் வேண்டும். பிளேட் தேயும்போது எஞ்சின் கை பிஸ்டனை அந்தத் திசையில் நகர்த்தும். இடமில்லாவிட்டால் ஆயிரம் கிலோமீட்டர் கழித்து கிளட்ச் நழுவத் தொடங்கும், நீங்கள் பிளேட்டைக் குற்றம் சொல்வீர்கள்.

ஏர் எடுத்தல்

பிரேக்குக்குச் செய்வதுபோல் மேலிருந்து ஊற்றி, லிவரை அழுத்தி அழுத்தி ஏர் எடுக்க முயன்றால் பாதி நாள் போகும். காற்று மேலே போகத்தான் விரும்பும். நாமும் கீழிருந்து மேலே தள்ளுவோம்.

குடுவை மட்டமாக நிற்கும்படி ஹேண்டிலைத் திருப்பி வையுங்கள். 20 மி.லி. சிரிஞ்சில் புது ஆயிலை எடுத்து, முனையில் ஒளிபுகும் ரப்பர் குழாய் மாட்டி, குழாயிலும் காற்றில்லாமல் தள்ளிவிட்டு, ஸ்லேவின் நிப்பிளில் (ஏர் எடுப்பதற்கான திருகு முனை) சொருகுங்கள். நிப்பிளைக் கால் சுற்றுத் தளர்த்தி, சிரிஞ்சை அவசரமில்லாமல் அழுத்துங்கள். சில நொடிகளில் மேலே குடுவையில் குமிழிகள் வரும். குமிழி நிற்கும் வரை தொடருங்கள். குடுவை நிரம்பி வழியாதபடி நண்பர் இன்னொரு சிரிஞ்சால் உறிஞ்சிக்கொண்டே இருக்கட்டும். பிறகு நிப்பிளை மூடிவிட்டு, ஹோஸைக் கீழிருந்து மேலாக விரலால் தட்டிக்கொண்டே லிவரைச் சிறிது சிறிதாக அசையுங்கள். ஒட்டியிருந்த நுண்குமிழிகள் வெளியேறும்.

அதன் பிறகும் லிவர் பஞ்சு போல இருந்தால், காற்று மாஸ்டரின் பேஞ்சோ போல்ட்டில்தான் பெரும்பாலும் ஒளிந்திருக்கும். அதைச் சுற்றித் துணி கட்டி, லிவரை அழுத்திப் பிடித்தபடி போல்ட்டை ஒரு நூலளவு தளர்த்தி, உடனே இறுக்கி, அதற்குப் பிறகே லிவரை விடுங்கள்.

கடைசியாக, லிவர் நுனியில் சிறு ப்ளே (எதையும் அழுத்தாமல் லிவர் ஆடும் இடைவெளி) வையுங்கள். ஹைட்ராலிக்கில் ப்ளே தேவையில்லை என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். பிஸ்டன் முழுவதும் திரும்பினால்தான் குடுவைக்குப் போகும் சிறு துளை திறக்கும். அது அடைபட்டிருந்தால், எஞ்சின் சூட்டில் விரிந்த ஆயிலுக்குப் போக்கிடம் இல்லாமல் கிளட்சைத் தானாகவே பாதி அழுத்திவிடும்.

சோதனை

முன்பு செய்த சக்கரச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். லிவரை அழுத்தினால் சக்கரம் சுற்றவேண்டும், விட்டால் பிடிக்கவேண்டும். ஆயிலில் மூழ்கிய பிளேட்டுகள் என்பதால் சிறு இழுவை இருக்கும். பிறகு ஆளில்லாச் சாலையில் நான்காவது கியரில் 40 கி.மீ. வேகத்தில் சென்று த்ராட்டிலை முழுவதும் திறங்கள். எஞ்சின் சத்தம் மட்டும் எகிறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் நழுவுகிறது. உடனே நிறுத்தி, ப்ளேயையும் ஸ்லேவில் விட்ட இடத்தையும் பாருங்கள்.

கூடவே செய்யத் தக்கவை

ஹெட்லைட்டுக்கு ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) போடுவதை முதலில் சொல்வேன். எச்4 பல்பின் 60/55 வாட் மின்சாரம் மெல்லிய ஒயர் வழியாக சுவிட்ச் வரை சுற்றிவந்தால் வழியிலேயே வோல்ட்டேஜ் குறையும். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்துத் தடித்த ஒயரில் நேராகக் கொடுத்தால் அதே பல்ப் பளிச்சென்று எரியும். எச்4-க்கென்று செய்த ஹெட்லைட் கிண்ணத்தில் எல்.இ.டி. பல்பைத் திணிப்பது எதிரே வருபவர் கண்ணைக் கூசவைக்கும், நான் செய்யமாட்டேன்.

மலைக்கே அதிகம் போகிறவர்கள் முன் ஸ்பிராக்கெட்டை 15 பல்லிலிருந்து 14 ஆக்கலாம். பின்னால் 38 பல் இருப்பதால் விகிதம் 2.53-லிருந்து 2.71 ஆகும், இழுவை 7 சதவீதம் கூடும். ஊர்ந்து ஏறும்போது பாதி கிளட்ச் பிடிக்கும் தேவை குறைவதால் இடக்கைக்கு இதுவும் ஓர் உதவி. ஆனால் நெடுஞ்சாலையில் எஞ்சின் எப்போதும் கொஞ்சம் கத்திக்கொண்டே இருக்கும். ஸ்டீல் பின்னிய பிரேக் ஹோஸ் நல்லதுதான். ஏ.பி.எஸ். உள்ள வண்டியில் அதை அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. எஞ்சின், சேஸ் பக்கம் கை வைக்காதீர்கள். வாரண்டி காலத்தில் இருக்கும் வண்டியில் கிளட்ச் மாற்றத்தையும் தள்ளிப்போடுங்கள்.

ஓடத் தொடங்கிய பிறகு

முதல் 100 கி.மீ. முடிந்ததும் இரு பேஞ்சோ இணைப்புகளையும் வெள்ளைத் தாளால் ஒற்றிப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் வாஷரை மாற்றுங்கள். டாட் 4 காற்றின் ஈரத்தை உறிஞ்சும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றவேண்டும்.

பிரேக் குடுவையில் பேட் தேயத் தேய ஆயில் இறங்கும். கிளட்ச் குடுவையில் பிளேட் தேயத் தேய ஆயில் ஏறும். ஆகவே விளிம்பு வரை நிரப்பாதீர்கள். மட்டம் ஏறியிருக்கிறதே என்று பதறவும் வேண்டாம்.

பழைய கேபிளையும் லிவரையும் எறிந்துவிடாதீர்கள். ஒரு பையில் சுற்றி, நீண்ட பயணங்களில் உடன் எடுத்துச் செல்லுங்கள். பிராக்கெட்டை நாம் வெட்டவில்லை என்பதால், எங்கோ ஒரு மலைச்சாலையில் சீல் கிழிந்தாலும், இரண்டு ஸ்பேனரை வைத்துக்கொண்டு கேபிளை மாட்டி வீடு வந்து சேரலாம்.