கண்ணாடிச் சீட்டில் யார் கைவைக்கலாம்?

போன மாதம் ஓர் அன்ரி கடைக்கு வந்தார். கையில் கண் பரிசோதனைச் சீட்டும், கண்ணாடிச் செலவுக்கு பிரிட்டிஷ் அரசு மருத்துவச் சேவை தரும் என்.எச்.எஸ். வவுச்சரும். இரண்டு கண்ணுக்கும் -6.00. குரலைத் தணித்து, "தம்பி, இதில ஒரு கால் (0.25) கூட்டிப் போட ஏலாதோ? ஆறுக்கு மேல போனா வவுச்சர் காசு கூடவாமே" என்றார். யாரோ விவரம் தெரிந்தவர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். கணக்கு சரிதான். ஆனால் அந்தக் காலைக் கூட்ட எனக்கும் உரிமையில்லை, அவருக்கும் இல்லை.

நான் இங்கிலாந்தில் டிஸ்பென்சிங் ஆப்டிஷியன். சீட்டைப் பார்த்துக் கண்ணாடி அளவெடுத்துக் கொடுப்பவன், சீட்டு எழுதுபவன் அல்ல. கண்ணைச் சோதித்துப் பவர் எழுதுவது ஆப்டோமெட்ரிஸ்டின் வேலை, அல்லது அதற்கென்று இருக்கும் கண் மருத்துவரின் வேலை.

வவுச்சர் வகை அந்தப் பவரைப் பொறுத்தது. ஒற்றைப் பார்வை லென்ஸ் என்றால் ஸ்பியர் (அடிப்படைப் பவர்) 6.00 வரை, சிலிண்டர் (ஒரு திசையில் மட்டும் சேரும் பவர்) 2.00 வரை 'ஏ'. அதைத் தாண்டி ஸ்பியர் 10-க்குள்ளும் சிலிண்டர் 6-க்குள்ளும் இருந்தால் 'பி'. 10 முதல் 14 வரை 'சி'. அதற்கும் மேலே, அல்லது சிலிண்டரே 6-ஐத் தாண்டினால், 'டி'. தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே லென்ஸான பைஃபோகலுக்கு 'ஈ' முதல் 'எச்' வரை தனி வரிசை. பிளஸ்ஸா மைனஸா என்பது இங்கே பொருட்டில்லை. அதனால்தான் -6.00-க்கும் -6.25-க்கும் நடுவில் காசு வித்தியாசம். அதற்காக எண்ணை ஏற்றி எழுதினால் அது பொய்க் கோரிக்கை, மோசடிக் கணக்கில் சேரும்.

சரி, எதை மாற்றலாம்?

எழுதும் முறையை மாற்றலாம். சீட்டில் வரிசை ஸ்பியர் / சிலிண்டர் x ஆக்ஸிஸ், அதாவது சிலிண்டர் நிற்கும் கோணம். -2.00 / -1.00 x 90 என்பதும் -3.00 / +1.00 x 180 என்பதும் ஒரே லென்ஸ்தான். வீட்டில் பழைய சீட்டையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, "பவர் ஏறிவிட்டதே" என்று பதறுகிறவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் பதில்.

ஃபிரேமுக்கு ஏற்ப ஆர்டரைத் திருத்தலாம். பவர் கூடியவர்களுக்கு, சோதனையின்போது லென்ஸ் கண்ணிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருந்தது என்பதையும் சீட்டில் எழுதுவார்கள். 12 மில்லிமீட்டரில் -8.00 என்று இருந்து, நீங்கள் எடுத்த ஃபிரேம் 15-இல் உட்கார்ந்தால், நான் லேபுக்கு -8.25 என்று ஆர்டர் போடுவேன். சோதனை அறையில் பார்த்த அதே தெளிவு கிடைக்க அதுதான் வழி. ஆனால் சீட்டில் -8.00 அப்படியே இருக்கும், அதன்மேல் என் பேனா படாது.

வாசிக்க மட்டும் தனிக் கண்ணாடி கேட்டால் தூரப் பவரோடு ஆட் எண்ணை, அதாவது கிட்டப் பார்வைக்கான கூடுதல் பவரை, கூட்ட வேண்டும். +1.00-க்கு ஆட் +2.00 என்றால் +3.00. இதுவும் மாற்றம் இல்லை, வெறும் கூட்டல். அலுவலகக் கணினித் திரைக்காகவே தனியாகக் கண்ணாடி தேவைப்பட்டால், 1992 விதிகளின்படி அது உங்கள் முதலாளியின் செலவு. அங்கே கேளுங்கள்.

இதற்கு வெளியே எல்லாமே சீட்டு எழுதியவரிடம் போக வேண்டியவை. தெளிவாகத் தெரியாத கையெழுத்துகூட. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சீட்டில் ஆக்ஸிஸ் 18 என்று எழுதி, பக்கத்தில் குட்டியாக டிகிரி வட்டம் போட்டிருந்தார்கள். நான் அதை 180 என்று வாசித்துப் படிவத்தில் ஏற்றிவிட்டேன். சிலிண்டர் -1.50. கண்ணாடியைப் போட்ட பையன் கரும்பலகையைத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறான் என்று அவன் அம்மா திரும்ப அழைத்து வந்தார். ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் முடிந்திருக்கும். ஆக்ஸிஸுக்குப் பக்கத்தில் டிகிரி வட்டம் போடாதே என்று படிக்கும்போது சொல்லித்தந்தது எதற்கென்று அன்றைக்குத்தான் உறைத்தது.

உங்கள் பக்கம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். சோதனை முடிந்ததும் சீட்டைக் கையில் வாங்குங்கள். அதைத் தருவது அவர்கள் கடமை. அதில் உள்ள எண்களை வவுச்சரோடு ஒப்பிடுங்கள். ஸ்பியருக்கு முன்னால் உள்ள குறியைக் கட்டாயம் பாருங்கள். அடித்துத் திருத்தியிருந்தால் யார் திருத்தியது என்று கேளுங்கள். கண்ணாடி கைக்கு வராமல் 'பெற்றுக்கொண்டேன்' என்ற இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டுப் பார்த்துத் தலை சுற்றினால் கடையில் பவரைக் குறைக்கச் சொல்லாமல் மறுசோதனை கேளுங்கள்.

அப்புறம் ஒன்று: 60 வயதானால் சோதனை இலவசம், வவுச்சர் தானாக வராது. அதற்கு, வருமானம் குறைந்த முதியோருக்கான பென்ஷன் கிரெடிட்டின் கேரண்டி கிரெடிட் போன்ற உதவித்தொகையோ, மருத்துவச் செலவு உதவிக்கான எச்.சி.2, எச்.சி.3 சான்றிதழோ வேண்டும். குறைந்த வருமானம் என்றால் எச்.சி.1 படிவம் நிரப்பி அந்தச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம்.

அன்ரிக்கு உண்மையில் காசு எதற்கென்று கேட்டேன். ஓரம் தடித்துத் தெரிகிறதாம், மெல்லிய லென்ஸ் போட ஆசையாம். அவர் எடுத்து வைத்திருந்ததோ முகத்தில் பாதியை மூடும் ஃபிரேம். மைனஸ் லென்ஸ் ஓரத்துக்குப் போகப் போகத் தடிக்கும். சின்னதாக, வட்டமாக ஒன்றை எடுத்து மாட்டிவிட்டேன். அதன் விலை 'ஏ' வவுச்சருக்குள்ளேயே அடங்கியது.