பழைய ஹைட்ரோ வாங்கும் முன்

சேலம் அம்மாபேட்டை, குகை பக்கம் சின்னதாகச் சாயப்பட்டறை போடுபவருக்கு, ஈர நூலைப் பிழிய ஒரு ஹைட்ரோ வேண்டும்; ஓட்டை போட்ட கூடையை வேகமாகச் சுற்றித் தண்ணீரை வெளியேற்றும் மெஷின் அது. புதுசின் விலையைக் கேட்டதும் இரண்டு யோசனை வரும். ஒன்று, பழசு வாங்குவது. இன்னொன்று, 200 லிட்டர் இரும்புப் பேரலில் ஓட்டை போட்டு மோட்டார் மாட்டுவது. இரண்டாவதைச் செய்து பார்த்தவன் நான். நூல் ஒரு பக்கமாகச் சரிந்து, தரையில் பதித்த போல்ட்டையே பிடுங்கிவிட்டது. நல்லவேளை, பக்கத்தில் யாரும் இல்லை.

கணக்கு போட்டிருந்தால் அன்றே புரிந்திருக்கும். பேரலின் ஆரம் சுமார் 28 செ.மீ. அதை நிமிடத்துக்கு 1440 சுற்று சுற்றும் மோட்டாரில் நேரே கோத்தால் ஓரத்தில் புவியீர்ப்பைப் போல 650 மடங்கு விசை வரும். 20 கிலோ ஈர நூல் சுவரை 13 டன்னாக அழுத்தும். அது சுற்றிலும் சமமாக இருந்தால் கூடத் தாங்கலாம். ஒரு கிலோ மட்டும் ஒரு பக்கம் கூடினால், ஷாஃப்டை 650 கிலோ இழுக்கும். அதுவும் நொடிக்கு 24 முறை திசை மாறி மாறி. பேரலே முழு வட்டமாக இருக்காது என்பது வேறு கதை.

பழசு வாங்குபவர்கள் ஆட்டத்தைப் பார்த்துப் பயந்துவிடுகிறார்கள். ஹைட்ரோவில் கூடையைச் சுற்றியிருக்கும் வெளிக்கூடு மூன்று கால்களில், ஸ்பிரிங்கோ ரப்பரோ வைத்துத் தொங்குகிறது. வேகம் ஏறும்போது ஓரிடத்தில் நன்றாக ஆடி, அதைத் தாண்டியதும் அடங்கும். அந்த ஆட்டம் பிடிக்காமல் ஸ்பிரிங்கை இறுக்கி, கூட்டைத் தரையோடு வெல்டிங் அடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் ஆட்டமெல்லாம் பேரிங்கில் இறங்கும், மாதாமாதம் அதை மாற்ற வேண்டியதுதான். நூலைச் சுற்றிலும் சமமாக அடுக்குங்கள், மெதுவாக வேகம் ஏற்றுங்கள். நன்றாகப் பிழியட்டும் என்று புல்லியை மாற்றவும் வேண்டாம்: வேகம் 20 சதவீதம் கூடினால் விசை 44 சதவீதம் கூடும்.

வாங்குமுன் கூடையைக் கழற்றச் சொல்லிப் பாருங்கள். எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) என்றால் துருவே பிடிக்காது என்பார்கள். பருத்திச் சாயத்தில் உப்பு உண்டு. உப்பு எஸ்எஸ்ஸையும் அரிக்கும். வெல்டிங் ஓரத்தில் ஊசிமுனை அளவுக் குழிகளும், ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவே மயிரிழைக் கீறலும் தெரிகிறதா என்று பாருங்கள். சிவப்பு மருந்து தடவிக் கீறலைக் காட்டும் சோதனை உண்டு, அதைச் செய்யச் சொல்லுங்கள். கீறல் இருந்தால் பேரம் வேண்டாம், திரும்பி வந்துவிடுங்கள்.

மூடியும் பிரேக்கும் இல்லாத ஹைட்ரோவை யாராவது சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். சுவிட்சை நிறுத்தினாலும் கூடை நின்றுவிடாது, சில நிமிடம் சுற்றும். மெதுவாகச் சுற்றும்போதுதான் கை உள்ளே போகும். நூல் விரலில் சுற்றும், இல்லையென்றால் தோளில் கிடக்கும் துண்டு மாட்டும். மூடி திறந்திருந்தால் மோட்டார் ஓடாத சுவிட்ச் இருக்க வேண்டும். அதை ஒயர் வைத்து இணைத்து ஏமாற்றுவது பல பட்டறைகளில் வழக்கம்!

செவ்வாப்பேட்டை வெள்ளிப் பட்டறைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: தின்னரோ பெட்ரோலோ ஒட்டிய சாமானை உலர்த்த, சாதாரண மோட்டார் வைத்த ஹைட்ரோவில் சுற்றாதீர்கள். தீப்பிடிக்க ஒரு பொறி போதும்.

சரி, பெரிசு உண்மையிலேயே வேண்டுமா? வீட்டு செமி ஆட்டோமேட்டிக் வாஷிங்மெஷினின் டிரையர் 1300 சுற்றில், 12 செ.மீ. ஆரத்தில் சுமார் 225 மடங்கு தருகிறது. 90 செ.மீ. விட்டக் கூடை 900 சுற்றில் தருவது 400 மடங்கு. முதலில் நான்கு சிட்டா (நூல் கட்டு) ஈர நூலை டிரையரில் சுற்றி, முன்னும் பின்னும் எடை போட்டு, அந்தப் பிழிசல் போதுமா என்று பாருங்கள்.