மசாய் மாரா சஃபாரி: பையில் என்ன வைக்கலாம், என்ன உடுத்தலாம்?

ஆப்பிரிக்கா என்றதும் வெயில்தான் நினைவுக்கு வரும். நானும் அதை நம்பித்தான் ஆகஸ்ட் மாதம் கென்யாவின் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்துக்கு ஐந்து அரைக்கை டி-ஷர்ட்டோடு போனேன். காலை ஆறரை மணிக்குக் கூரை திறந்த ஜீப்பில் நின்றபோது பல் தந்தியடித்தது. மாரா கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேலே இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது!

முதலில் ஊசி. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டுவிடுங்கள். கென்யாவிலிருந்து இந்தியா திரும்பும்போது அந்தச் சான்றிதழ் இல்லையென்றால் 6 நாள் வரை தனிமைப்படுத்திவிடுவார்கள். அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே போட முடியும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் அதில் ஒன்று. மலேரியா மாத்திரைக்கும் மருத்துவரைப் பாருங்கள்.

அடுத்து பை. நைரோபி வில்சன் விமான நிலையத்திலிருந்து மாராவுக்குப் பறக்கும் குட்டி விமானங்களில் கைப்பையும் சேர்த்துப் பெரும்பாலும் 15 கிலோதான். மடங்கிக் கொடுக்கும் துணிப்பை வேண்டும். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி அந்த விமானத்தின் வயிற்றுக்குள் நுழையாது. துணிகளை பிளாஸ்டிக் கவரில் சுற்றாதீர்கள். கென்யாவில் 2017 முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை.

சரி, உடை. காக்கி கட்டாயமில்லை. பழுப்பு, ஆலிவ், சாம்பல் எதுவும் சரி. வெள்ளை அரை மணியில் புழுதி நிறமாகிவிடும். கருநீலமும் கறுப்பும் வேண்டாம், கடிக்கும் செட்சி ஈக்கு அவை பிடித்தமான நிறங்கள். அதைப் பிடிக்க வைக்கும் பொறித்துணியே நீலமும் கறுப்பும்தான். ராணுவப் புள்ளி போட்ட உடையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பல ஆப்பிரிக்க நாடுகளில் பொதுமக்கள் அதை அணியத் தடை உண்டு.

உடுத்தும் வரிசை இப்படி: அடியில் பருத்தி டி-ஷர்ட், அதன்மேல் முழுக்கைச் சட்டை, அதற்கும் மேல் ஸ்வெட்டர், காற்றுத் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட், தலைக்குக் கம்பளிக் குல்லா. ஒன்பது மணிக்கு ஸ்வெட்டர் கழன்றுவிடும், பதினொன்றுக்குச் சட்டைக் கையை மடிப்பீர்கள். பகல் தொப்பிக்குத் தாடைக் கயிறு இருக்கட்டும், இல்லாவிட்டால் முதல் திருப்பத்திலேயே பறந்துவிடும். இறங்கி நடப்பது குறைவு என்பதால் பழைய ஸ்போர்ட்ஸ் ஷூ போதும்.

நாலு நாளுக்கு மூன்று செட் போதும், பல முகாம்களில் துவைத்துத் தருவார்கள். ஆனால் உள்ளாடையைத் துவைக்காத இடங்களும் உண்டு. அதை மட்டும் கூடுதலாக எடுங்கள்.

தொலைநோக்கி ஆளுக்கு ஒன்று. 8×42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 42 மி.மீ.) நல்ல அளவு. சிறுத்தை மரத்திலிருந்து இறங்கும் நேரத்தில் “கொஞ்சம் குடு” என்று கணவனும் மனைவியும் இழுத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். கேமராவை வைக்க ஒரு காலி மஞ்சப்பை போதும். அங்கே காய்ந்த பீன்ஸ் கொட்டை வாங்கி நிரப்பி, வாயைக் கட்டி, ஜன்னல் விளிம்பில் வைத்தால் லென்ஸ் ஆடாது. அப்புறம், சதுர முள் மூன்று உள்ள பிளக் அடாப்டர். நம் ஊர் சார்ஜர் அங்கே சொருகாது.

எல்லாம் அடுக்கியதும் பையைத் தராசில் ஏற்றுங்கள். 15-ஐத் தாண்டினால் முதலில் ஜீன்ஸை வெளியே எடுங்கள். கனம் அதிகம், நனைந்தால் லேசில் காயாது.