சோலை ஓடையில் தலைப்பிரட்டை: தண்ணீர்ப் பளபளப்பு போன விதம்

கொடைக்கானல் சோலை ஓடைகளில் பல இடங்களில் ஆழம் ஒரு சாண்கூட இருக்காது, தண்ணீரும் தெளிவு. ஆனாலும் படத்தில் தலைப்பிரட்டைக்குப் பதில் வெள்ளை வானம்தான் விழுந்தது. போலரைசர் (பளபளப்பைக் குறைக்க லென்ஸ் முன் மாட்டும் கண்ணாடி) மாட்டியும் அந்தப் பளபளப்பு போகவில்லை. காரணம் கோணம். நேர் மேலிருந்து எடுத்தால் போலரைசருக்கு வேலையே இல்லை. செங்குத்திலிருந்து சுமார் 53 டிகிரி சாய்த்தால்தான் பளபளப்பு நன்றாக அறும். அவ்வளவு சாய்த்தாலோ, ஒளிவிலகலில் உருவம் இழுபட்டு மங்கிவிடுகிறது.

கைகொடுத்தது சாதாரணக் கறுப்புக் குடை. கேமராவுக்கு மேலே அதை விரித்துப் பிடித்து, நேர் கீழே பார்த்து எடுத்தேன். வானம் மறைந்ததும் வால் துடுப்பில் ஓடும் மெல்லிய ரத்தக் குழாய்கூடத் தெரிந்தது, அத்தனை அழகு! போலரைசரைக் கழற்றிவிடுங்கள், வெளிச்சத்தைத்தான் தின்னும்.

குடைக்கடியில் இருட்டு என்பதால் ஃபிளாஷ் வேண்டும். கேமரா மேலேயே இருந்தால் ஒளி திரும்பி லென்ஸுக்குள் வரும். டிரிக்கர் (ஃபிளாஷைத் தள்ளி வைத்தே இயக்கும் கருவி) போட்டு, ஃபிளாஷைப் பக்கவாட்டில் 45 டிகிரியில் பிடியுங்கள். துளை எஃப் 8, ஷட்டர் 1/200 நொடி, ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 400 போதும். ஆட்டோஃபோகஸ் மிதக்கும் தூசியைப் பிடித்துக்கொள்ளும். ஃபோகஸை மேனுவலுக்கு மாற்றி, கையாலேயே தலைப்பிரட்டையின் கண்ணில் வையுங்கள்.

தலைப்பிரட்டையைத் தேடிக் கல்லைப் புரட்டினால், அதை அப்படியே பழைய இடத்தில் வைத்துவிடுங்கள். மணலை ஒட்டிக் கூடு கட்டிய புழுக்கள் அதனடியில் இருக்கும்.