60,000 மெயிலை நிதானமாக அனுப்புவது எப்படி? லிஸ்ட்மங்க், போஸ்ட்ஃபிக்ஸ் வேகக் கட்டுப்பாடு

தி.நகரில் ஒரு துணிக்கடை என்று வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் பட்டியலில் 60,000 மெயில் முகவரிகள். ஆடித் தள்ளுபடி அறிவிப்பு காலை 10 மணிக்குக் கிளம்ப வேண்டும். "பட்டனை அமுக்கினா எல்லாருக்கும் போயிடாதா தம்பி?" என்று முதலாளி கேட்பார். நம் சர்வரிலிருந்து போய்விடும்தான். ஆனால் ஜிமெயிலும் யாகூவும் அதே வேகத்தில் வாங்கிக்கொள்ள வேண்டுமே! கல்யாண வீட்டில் பந்தி பந்தியாகத்தான் உட்கார வைப்பார்கள். கூட்டம் மொத்தமும் ஒரே நேரத்தில் உள்ளே வந்தால் வாசலில் நிறுத்திவிடுவார்கள். இங்கேயும் அதேதான்.

சொந்த சர்வரில் லிஸ்ட்மங்க் (பட்டியலில் உள்ளவர்களுக்கு மெயில் அனுப்பும் மென்பொருள்), அதன் பின்னால் போஸ்ட்ஃபிக்ஸ் (அந்த மெயிலை வெளியே கொண்டுசேர்க்கும் மெயில் சர்வர்) என்ற அமைப்பை வைத்து விளக்குகிறேன். இரண்டும் இலவசம். வேறு மென்பொருள் என்றால் பெயர்கள் மாறும், கணக்கு மாறாது.

தொடங்கும் முன்: மெயில் உண்மையிலேயே உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றும் உங்கள் டொமைனில் சரியாக இருக்கின்றனவா? ஒரே கிளிக்கில் விலகும் வசதி மெயிலில் இருக்கிறதா? ஒரு நாளில் ஜிமெயில் கணக்குகளுக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு 2024 முதல் இவை கட்டாயம். இவை இல்லாமல் வேகத்தைக் குறைத்து ஒரு பயனும் இல்லை.

படி 1: பட்டியலைப் பிரியுங்கள்

முகவரிகளை எக்ஸெலில் போட்டு, @ குறிக்குப் பின்னால் இருப்பதை வைத்து எண்ணுங்கள். நம் ஊர்ப் பட்டியல்களில் ஜிமெயில்தான் பெரும்பங்கு இருக்கும். மீதி யாகூ, ஹாட்மெயில், கொஞ்சம் ரெடிஃப்மெயில், அப்புறம் ஓஎம்ஆர் பக்கத்து அலுவலக முகவரிகள். அலுவலக முகவரிகளில் பலவும் கூகுள் வொர்க்ஸ்பேஸில் ஓடுபவை. பெயர் வேறாக இருந்தாலும் அவையும் கூகுளிடம்தான் போகின்றன. இந்த எண்ணிக்கையைக் குறித்து வையுங்கள், படி 4-இல் தேவைப்படும்.

படி 2: எந்த வேகம் போதும்?

எவ்வளவு வேகமாக அனுப்ப முடியும் என்று பார்க்காதீர்கள். எப்போது முடிந்தால் போதும் என்று பாருங்கள். 10 மணிக்குத் தொடங்கி மதியம் 2 மணி வாக்கில் முடியலாம் என்றால், 60,000-ஐ 4 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 15,000. அதாவது நொடிக்கு 4-க்குச் சற்று மேல். அவ்வளவுதான்! கடையின் இணையதளத்துக்கும் இது நல்லது. எல்லோரும் ஒரே நேரத்தில் லிங்க்கைத் தட்டி சைட்டைப் படுக்க வைக்க மாட்டார்கள்.

படி 3: லிஸ்ட்மங்க் அமைப்பு

செட்டிங்ஸில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போங்கள். புதியவர்கள் தடுமாறும் இடம் இது. மெசேஜ் ரேட் என்பது நொடிக்கு மொத்தம் எத்தனை என்பதல்ல. ஒவ்வொரு வொர்க்கருக்கும் (இணையாக மெயில் அனுப்பும் ஒவ்வொரு கைக்கும்) நொடிக்கு எத்தனை என்பது. எத்தனை வொர்க்கர் என்பதைக் கன்கரன்சி சொல்கிறது. கன்கரன்சி 10, மெசேஜ் ரேட் 10 என்று இருந்தால் நொடிக்கு 100 வரை போகும். நம் 60,000-மும் பத்தே நிமிடத்தில் கிளம்பிவிடும்.

இரண்டையும் 2 என்று மாற்றுங்கள். 2 பெருக்கல் 2, நொடிக்கு 4, மணிக்கு 14,400. மொத்தமும் 4 மணி 10 நிமிடத்தில் முடியும்.

பேட்ச் சைஸைத் தொட வேண்டாம். டேட்டாபேஸிலிருந்து ஒரு தடவையில் எத்தனை பேரை எடுப்பது என்பதற்கான எண் அது, வேகத்துக்கானதல்ல. அதற்குக் கீழே ஸ்லைடிங் விண்டோ இருக்கும். 1 மணி நேரத்துக்கு 12,000 என்று அதில் கொடுத்தால், அந்த அளவு தீர்ந்ததும் மணி நேரம் முடியும்வரை மென்பொருள் தானே காத்திருக்கும். முதல் தடவை அனுப்புகிறவர்கள் இதையும் போட்டுவிடுங்கள். கேம்பெய்ன் 3 மணி வரை இழுக்கும், பரவாயில்லை.

படி 4: போஸ்ட்ஃபிக்ஸ் அமைப்பு

லிஸ்ட்மங்க் திரையில் முழுக்க அனுப்பியாயிற்று என்று வந்தால், போஸ்ட்ஃபிக்ஸ் வாங்கிக்கொண்டது என்றுதான் பொருள். வாடிக்கையாளருக்குப் போய்ச் சேர்ந்தது என்றல்ல. ஜிமெயில் தற்காலிகமாகத் திருப்பினால் அந்த மெயில் போஸ்ட்ஃபிக்ஸின் க்யூவில் (காத்திருப்பு வரிசையில்) நிற்கும். லிஸ்ட்மங்குக்குத் தெரியவே தெரியாது. பிழைகள் கூடினால் கேம்பெய்னை நிறுத்தும் அதன் பிழை வரம்பும் வேலை செய்யாது.

போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாக ஒரே டொமைனுக்கு ஒரே சமயத்தில் 20 இணைப்புகள் வரை திறக்கும். ஜிமெயிலுக்கு மட்டும் தனி டிரான்ஸ்போர்ட் (அனுப்பும் வழி) ஒன்று உருவாக்கி அதில் 5 என்று வரம்பு போடுங்கள். படி 1-இன் பட்டியலில் யாகூவும் கணிசமாக இருந்தால் அதையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. தற்காலிகமாகத் திருப்பப்பட்ட மெயிலைப் போஸ்ட்ஃபிக்ஸ் 5 நாள் வரை வைத்திருந்து மறுபடி மறுபடி முயலும். ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்த தள்ளுபடி மெயில் புதன்கிழமை போய்ச் சேர்ந்தால் கடைக்காரருக்கு வசவுதான் மிஞ்சும். க்யூவின் ஆயுளை 1 நாளாகக் குறையுங்கள். அதே சர்வரில் பில், ஓடிபி மெயில்களும் போகின்றன என்றால், பிரசார மெயிலுக்குத் தனி சர்வர் வைப்பதுதான் உத்தமம்.

படி 5: யாருக்கு முதலில்?

கடந்த ஒரு மாதத்தில் மெயிலைத் திறந்தவர்கள் முதல் வரிசை. ஆறு மாதமாக எட்டிப் பார்க்காதவர்கள் கடைசி. என்னைக் கேட்டால் அவர்களுக்கு அனுப்பாமலே விடலாம். டொமைன் புதிது என்றால் 60,000 என்ற பேச்சே வேண்டாம். முதல் நாள் சில நூறு, பிறகு நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக.

படி 6: ஓடும்போது லாக்கைப் பாருங்கள்

ஒரு டெர்மினலில் மெயில் லாக் (ஒவ்வொரு மெயிலுக்கும் வந்த பதிலைக் காட்டும் பதிவு) ஓடட்டும். 2-இல் தொடங்கும் பதில் வந்தால் மெயில் போய்விட்டது. 5-இல் தொடங்கினால் நிரந்தர மறுப்பு, 550 5.1.1 என்றால் அப்படியொரு முகவரியே இல்லை, பட்டியலிலிருந்து தூக்கிவிடுங்கள். 4-இல் தொடங்கினால் "இப்போது வேண்டாம், அப்புறம் வா".

வேகத்துக்கான எச்சரிக்கை இந்த 4-இல்தான் வரும். ஜிமெயில் 421 என்ற எண்ணுடன் 4.7.28 என்று சொன்னால், வேண்டாத மெயில் வழக்கத்துக்கு மாறான வேகத்தில் வருவதாக அது நினைக்கிறது. யாகூவில் டிஎஸ்எஸ்04 (TSS04) என்ற குறியீட்டைத் தேடுங்கள்.

ஒன்றிரண்டு வந்தால் விட்டுவிடலாம். வரிசையாக வந்தால் க்யூஷேப் கட்டளையை டிஃபர்ட் க்யூவுக்கு (திரும்பி வந்து மறுமுயற்சிக்குக் காத்திருக்கும் மெயில்களுக்கு) ஓட்டுங்கள். இடது ஓரத்தில் டொமைன்கள், மேலே 5, 10, 20, 40 என்று மெயில் எத்தனை நிமிடமாக நிற்கிறது என்பதைக் காட்டும் ஒரு அட்டவணை வரும். ஜிமெயில் வரிசையில் 5 என்ற தலைப்பின் கீழே மட்டும் எண்கள் இருந்தால் இப்போதுதான் தேங்கத் தொடங்கியிருக்கிறது. 40, 80 என்று வலப்பக்கம் எண்கள் பெருகிக்கொண்டே போனால், மறுமுயற்சிகளும் திரும்புகின்றன என்று அர்த்தம். உடனே லிஸ்ட்மங்கில் கேம்பெய்னை பாஸ் செய்யுங்கள். க்யூ வடியட்டும். மெசேஜ் ரேட்டை 1 ஆக்கி மறுபடி தொடங்குங்கள்.

அவசரத்தில் க்யூவை ஃப்ளஷ் மட்டும் செய்துவிடாதீர்கள். தேங்கிய மெயில் எல்லாவற்றையும் மறுபடி ஒரே நேரத்தில் ஜிமெயில் வாசலில் கொண்டுபோய்க் கொட்டுகிற கட்டளை அது.

படி 7: மறுநாள்

கூகுளின் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸில் ஸ்பேம் புகார் விகிதத்தைப் பாருங்கள். 0.1 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. 0.3 சதவீதத்தைத் தொடவே கூடாது. ஆயிரத்துக்கு மூன்று பேர் புகார் பட்டனை அமுக்கினாலே அங்கே போய்விடும்.

தீபாவளிக்கு இதே கடை 1,20,000 பேருக்கு அனுப்பக் கேட்கும். அளவைத் திடீரென்று இரட்டிப்பாக்கினால் வேகம் கட்டுப்படுத்தப்படலாம் என்று கூகுள் தன் வழிகாட்டுதலிலேயே சொல்லியிருக்கிறது. அதனால் ஆவணியிலிருந்தே, ஒவ்வொரு மெயிலுக்கும் பட்டியலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஒரு தடவை 421 வரிசை கட்டினால், அடுத்த தடவை அளவைக் கூட்டாமல் அதே எண்ணிக்கையில் நில்லுங்கள்.