உங்கள் கிளப்பைப் பற்றி வாதாட உட்காரும் முன் ஒரு தாளை எடுங்கள்

நம் ஃபுட்பால் கிளப் ஒரு மேட்ச் தோற்றால் பேச்சு மூன்று பக்கமாகப் போகும். ஆள் பத்தவில்லை, பெஞ்சில் யாருமே இல்லை என்பார் ஒருவர். ஆள் இருக்கிறார்கள், கோச்சுக்குத்தான் ஆடவைக்கத் தெரியவில்லை என்பார் அடுத்தவர். கோச்சை விடுங்கள், மேலே உட்கார்ந்திருக்கிறவர்கள் சரியில்லை என்று மூன்றாமவர் ஆரம்பிப்பார். இரண்டு மணி நேரம் கழித்தும் யாரும் தன் இடத்தை விட்டு நகர்ந்திருக்க மாட்டார்கள். பல வருடமாக இந்த வாதங்களில் இருந்ததில் எனக்குப் புரிந்தது இதுதான்: பெஞ்ச், ஆட்டமுறை, நிர்வாகம் மூன்றையும் தனித்தனியாகப் பேசினால் எதுவும் தீராது, ஏனென்றால் ஒன்றில் விழுந்த ஓட்டை பெரும்பாலும் இன்னொன்றில் வந்துதான் வெளியே தெரிகிறது. ஓட்டை எங்கே விழுந்தது என்று கண்டுபிடிக்க ஒரு தாளும் பென்சிலும் போதும்.

முதலில் வேலைகளை எழுதுங்கள்

எல்லோரும் செய்வது வீரர்களின் பெயரை வரிசையாக எழுதி எண்ணுவது. சென்டர் பேக் (பின்வரிசை நடுவில் தடுப்பவர்) நான்கு பேர், மிட்ஃபீல்டர் (நடுக்களத்தில் ஆடுபவர்) ஆறு பேர், ஆக ஸ்குவாட் டெப்த், அதாவது மாற்றுக்கு ஆள் இருக்கும் அளவு, பிரமாதம் என்று முடிவு கட்டிவிடுவார்கள். அப்படிச் செய்யாதீர்கள். உங்கள் அணி ஆடும் விதத்தில் களத்தில் என்னென்ன வேலைகள் நடக்கின்றன என்று எழுதுங்கள். பின்னாலிருந்து பந்தை வாங்கித் திருப்பிக் கொடுப்பவர் யார், நம்மிடம் பந்தைப் பறித்த எதிரணி வேகமாகத் திருப்பித் தாக்கும்போது (கவுன்ட்டர் அட்டாக்) முதலில் தடுப்பவர் யார், களத்தின் ஓரத்தில் நின்று ஆளைத் தாண்டிப் போகிறவர் யார், கார்னரில் தலையால் அடிப்பவர் யார். ஒவ்வொரு வேலைக்கும் எதிரே முதல் ஆள், இரண்டாவது ஆள் என்று இரண்டு கட்டம் போடுங்கள்.

2024 செப்டம்பரில் ஆர்செனலுக்கு எதிரான மேட்ச்சில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் சிட்டி மிட்ஃபீல்டர் ரோட்ரிக்கு முழங்கால் தசைநார் கிழிந்தது. பெயர்களை மட்டும் எண்ணினால் சிட்டிக்கு மிட்ஃபீல்டில் பஞ்சமே இல்லை. கோவாசிச் இருந்தார், குண்டோவான் அந்தக் கோடையில்தான் திரும்பி வந்திருந்தார். ஆனால் பந்து பறிபோன நொடியில் நடுவில் நின்று எதிரணியை நிறுத்துகிற அந்த ஒரு வேலைக்கு இரண்டாவது கட்டம் காலியாக இருந்தது. அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் கடைசி வரை ஆடிய 13 மேட்ச்சில் ஒன்றில்தான் ஜெயித்தார்கள். தொடர்ந்து நான்கு வருடம் லீக் பட்டம் வென்ற அணி அந்த சீசனை மூன்றாம் இடத்தில் முடித்தது. ரோட்ரி இல்லாதது மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை, வேறு காயங்களும் வயதான கால்களும் இருந்தன. ஆனால் தாளில் அந்தக் காலிக் கட்டத்தை ஆகஸ்டிலேயே பார்த்திருக்க முடியும்.

கட்டங்களை நிரப்பும்போது ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள். கடந்த இரண்டு சீசனில் அந்த வீரர் ஆடியிருக்கக்கூடிய நிமிடங்களில் பாதியாவது ஆடினாரா என்று பாருங்கள். இல்லையென்றால் அவரை அரை ஆளாக எண்ணுங்கள். திறமையைக் குறைத்துச் சொல்வதற்காக இல்லை, அடிக்கடி காயமாகிற ஒருவரை முழு ஆளாகக் கணக்கில் எடுத்தால் பிப்ரவரியில் கணக்கு உதைக்கும்.

லிவர்பூல் 2020-21 இதற்குச் சரியான உதாரணம், நான் திரும்பத் திரும்ப இதைத்தான் எடுத்துக்கொள்வேன். 2020 கோடையில் சென்டர் பேக் லோவ்ரனை விற்றுவிட்டு அவர் இடத்தில் யாரையும் வாங்கவில்லை. அனுபவமுள்ள சென்டர் பேக் மூன்று பேர் மிச்சம், அதில் ஜோ கோமஸ், மாட்டிப் இரண்டு பேருக்கும் ஏற்கெனவே காயங்களின் நீண்ட வரலாறு. அக்டோபரில் வான் டைக் காயமாகி வெளியே போனார், நவம்பரில் கோமஸ் போனார், ஜனவரி முடியும்போது மாட்டிப்பும் போனார். மிட்ஃபீல்டர்கள் ஃபபின்யோவும் ஹென்டர்சனும் பின்வரிசைக்கு இழுக்கப்பட்டார்கள். கவனிக்க வேண்டிய இடம் இதுதான்: பின்வரிசை ஓட்டையை அடைத்தார்கள், அடைக்க எடுத்த ஆட்கள் மிட்ஃபீல்டிலிருந்து வந்ததால் பிரஸ்ஸிங் (முன்னேறிப் போய்ப் பந்தைப் பறிக்க நெருக்குவது) உடைந்தது, முன்வரிசைக்குப் பந்து போவது குறைந்தது. தங்கள் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் தொடர்ந்து ஆறு லீக் மேட்ச் தோற்றார்கள். அப்போது நிறைய பேர் முன்வரிசை மூவர் முடிந்துபோய்விட்டார்கள் என்று வாதாடினார்கள். அப்புறம் ஃபபின்யோவை மீண்டும் மிட்ஃபீல்டில் நிறுத்தி, நாட் ஃபிலிப்ஸ், கபாக், ரீஸ் வில்லியம்ஸ் போன்றவர்களைப் பின்னால் ஆடவைத்து, கடைசி 10 லீக் மேட்ச்சில் ஒன்றில்கூடத் தோற்காமல் மூன்றாம் இடத்துக்கு வந்தார்கள். ஒரு வேலைக்கு ஆள் இல்லாமல் போனால், அடைக்கப் போகிறவர் எங்கிருந்து வருகிறார், அங்கே என்ன உடைகிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

எத்தனை மேட்ச் என்று தெரியாமல் டெப்த் பேசாதீர்கள்

2015-16 இல் லெஸ்டர் மிகச் சிறிய வீரர் கூட்டத்தை வைத்துக்கொண்டு 81 புள்ளிகளோடு இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கான பிரீமியர் லீக்கை வென்றது. இதைக் காட்டி, டெப்த் எல்லாம் தேவையில்லை, உறுதி இருந்தால் போதும் என்று ஒருவர் சொல்வார். அந்த சீசனில் லெஸ்டர் மொத்தமாக ஆடியதே 43 மேட்ச். ஐரோப்பியப் போட்டி கிடையாது, இரண்டு கோப்பையிலிருந்தும் சீக்கிரமே வெளியேறிவிட்டது. ஐரோப்பாவின் முன்னணி கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கில் 2024-25 முதல் 36 அணிகள், முதல் சுற்றிலேயே ஆளுக்கு 8 மேட்ச், முன்பு 6. பிளே-ஆஃப் வழியாக இறுதிப் போட்டி வரை போனால் அந்தக் கோப்பையில் மட்டும் 17 மேட்ச். லீக்கின் 38 உடன் உள்நாட்டுக் கோப்பைகளையும், சர்வதேச ஆட்டங்களுக்குப் பறந்து போய்வருவதையும் சேர்த்துப் பாருங்கள். உங்கள் கிளப் எத்தனை போட்டியில் இருக்கிறது என்பதைத் தாளின் மேல் மூலையில் எழுதிவிட்டு அதற்குக் கீழேதான் மற்ற வாதம்.

பதிவு விதியையும் பார்த்துவிடுங்கள். பிரீமியர் லீக்கில் 25 பேர் பட்டியல், அதில் ஹோம்க்ரோன் அல்லாதவர்கள் அதிகபட்சம் 17. 21 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பட்டியலில் இடம் தேவையில்லை. ஹோம்க்ரோன் என்றால் பிறந்த நாடு கணக்கில்லை, 21 வயதுக்குள் மூன்று வருடம் இங்கிலாந்து அல்லது வேல்ஸ் கிளப்பில் பதிவாகியிருந்தால் போதும். மூன்றாவது கோல் கீப்பராக வயதான ஒரு ஆங்கிலேயரை ஏன் வைத்திருக்கிறார்கள் என்ற கேள்விக்குப் பல சமயம் பதில் இங்கே இருக்கும்.

ஆள் அதிகமாக இருப்பதும் பிரச்சினைதான். 2023 ஜனவரியில் செல்சி ஒரே மாதத்தில் கும்பலாக வாங்கியது, என்ஸோ ஃபெர்னாண்டஸ் ஒருவருக்கே 10 கோடி பவுண்டுக்கு மேல். ஆனால் சாம்பியன்ஸ் லீக்கின் நாக்-அவுட் சுற்றுக்குப் புதியவர்களில் மூன்று பேரைத்தான் சேர்க்க முடியும். என்ஸோ, முட்ரிக், ஜுவாவ் ஃபெலிக்ஸ் உள்ளே போனார்கள், நன்றாக ஆடிக்கொண்டிருந்த பாதியாஷீல் வெளியே நின்றார். அந்த சீசன் லீக்கில் 12 ஆம் இடம்.

ஆட்டமுறையைப் பார்ப்பது எப்படி

4-3-3 ஆ 3-4-3 ஆ (பின்வரிசை, நடு, முன்வரிசையில் எத்தனை பேர்) என்று சண்டை போடுவதை நிறுத்தினாலே பாதி வாதம் சுத்தமாகிவிடும். அந்த எண்கள் கிக்-ஆஃப் நேரத்தில் எடுத்த போட்டோ, அவ்வளவுதான். 2022-23 இல் சிட்டி மூன்று கோப்பைகளை வென்றபோது ஜான் ஸ்டோன்ஸ் பந்து எதிரணியிடம் இருக்கையில் டிஃபென்டர், தங்களிடம் வந்ததும் ரோட்ரிக்குப் பக்கத்தில் மிட்ஃபீல்டர். அவரை எந்த எண்ணில் வைப்பீர்கள்?

மூன்று நேரங்களைத் தனித்தனியாகப் பாருங்கள்: பந்து நம்மிடம் இருக்கும்போது, அவர்களிடம் இருக்கும்போது, கை மாறும் அந்த நான்கைந்து நொடி. மூன்றாவதுதான் முக்கியம், ஆனால் டிவி கேமரா பந்தின் பின்னால் ஓடுவதால் அதைத்தான் நாம் தவறவிடுகிறோம். ஒரு பயிற்சி சொல்கிறேன். அடுத்த மேட்ச்சில் 15 நிமிடம் பந்தைப் பார்க்காமல், திரையில் தெரிகிறவரை உங்கள் அணியின் ஃபுல் பேக் (பின்வரிசையின் ஓரத்தில் ஆடுபவர்) ஒருவரை மட்டும் பாருங்கள். பந்து பறிபோகும்போது அவர் எங்கே நிற்கிறார், திரும்பி ஓட எவ்வளவு தூரம் இருக்கிறது, அந்த இடத்தை யார் மூடுகிறார்கள். கோல் வாங்கிய பிறகு சென்டர் பேக்கைத் திட்டும் பழக்கம் இந்தப் பயிற்சியில் பெருமளவு குறைந்துவிடும்.

அடுத்து 60 ஆவது நிமிடம். ஐந்து மாற்று வீரர்கள் என்பது 2022 இல் நிரந்தர விதியானது, பிரீமியர் லீக்கிலும் 2022-23 முதல் நடைமுறையில் இருக்கிறது. கோல் கீப்பரை விட்டுவிட்டால் களத்தில் இருக்கும் 10 பேரில் பாதியை மாற்றலாம், எனவே பெஞ்ச் இப்போது ஆட்டமுறையின் ஒரு பகுதி. கோச் மாற்றும்போது ஆளை மட்டும் மாற்றுகிறாரா, வேலையையும் மாற்றுகிறாரா என்று குறித்து வையுங்கள். 2023 மார்ச்சில் ஆர்செனல் சென்டர் பேக் சலிபாவைக் காயத்தால் இழந்தது. களத்தில் முன்னேறி நிற்கும் பின்வரிசைக்கு அவருடைய வேகம்தான் காப்பு. அவர் இடத்தில் ஹோல்டிங் வந்தார், ஆனால் அணி ஏறக்குறைய அதே மாதிரிதான் ஆட முயன்றது. ஏப்ரலில் தொடர்ந்து மூன்று டிரா, அப்புறம் சிட்டியிடம் 4-1 தோல்வி, பெரும்பாலான சீசன் முதலிடத்தில் இருந்த அணி இரண்டாவதாக முடித்தது. என் கணிப்பில் அங்கே பெஞ்சின் குறையும் ஆட்டமுறையின் பிடிவாதமும் பாதிப் பாதி.

இதற்கு நேர் எதிரான உதாரணம் ஜெர்மனியின் லெவர்கூசன் 2023-24. அந்த ஜனவரியில் ஆப்பிரிக்கக் கோப்பைக்காக டாப்ஸோபா, கொஸ்ஸூனு, அட்லி போய்விட்டார்கள், முன்வரிசையில் போனிஃபேஸுக்குக் காயம். கோச் ஷாபி அலோன்ஸோவிடம் ஷிக் இருந்தார், போட்டி கிளப்பான பயர்னிடமிருந்து இரவலாக (லோனில்) வாங்கிய ஸ்டானிசிச் இருந்தார், அந்த ஸ்டானிசிச்சே பிப்ரவரியில் பயர்னுக்கு எதிராக முதல் கோலை அடித்தார், மேட்ச் 3-0. லீக்கில் ஒரு தோல்விகூட இல்லாமல் பட்டம். கடைசி நிமிடங்களில் அவர்கள் அடித்த கோல்களைப் பலர் அதிர்ஷ்டம் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, பெஞ்சிலிருந்து வந்தவர்களுக்குத் தங்கள் வேலை தெரிந்திருந்தது.

யார் முடிவு செய்தார்கள்?

இங்கேதான் நாம் எல்லோரும் அவசரப்படுகிறோம். கோட்டருகில் நிற்கிற கோச் கண்ணுக்குத் தெரிகிறார், அதனால் எல்லாவற்றையும் அவர் தலையில் போடுகிறோம். தாளின் பின்பக்கத்தில் நான்கு கேள்விகள் எழுதுங்கள். வீரரை யார் தேர்ந்தெடுக்கிறார்? வேண்டாம் என்று சொல்லும் உரிமை யாருக்கு? கோச்சை யார் நியமிக்கிறார்? கோச் போனால் யார் மிச்சம் இருக்கிறார்? ஸ்போர்ட்டிங் டைரக்டர் (வீரர்கள், கோச் பற்றிய முடிவுகளைக் கவனிக்கும் நிர்வாகி) என்ற பதவி இருக்கிறதா இல்லையா என்பதைவிட இந்த நான்குக்கும் ஒரே மாதிரியான பதில் வருகிறதா என்பது முக்கியம்.

2022 செப்டம்பரில் கோச் கிரஹாம் பாட்டர் தன் உதவியாளர்களோடு பிரைட்டனை விட்டு செல்சிக்குப் போனார். வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் அமைப்பு கோச்சைச் சார்ந்து இல்லாததால் டி ஸெர்பி வந்து அதே வீரர்களை வைத்து ஆறாம் இடத்தில் முடித்தார், கிளப் வரலாற்றில் முதல்முறையாக ஐரோப்பியப் போட்டி கிடைத்தது. செல்சியில் பாட்டர் ஏப்ரலிலேயே நீக்கப்பட்டார். அதே மனிதர், அதே சீசன்.

மான்செஸ்டர் யுனைடெட்டில் 2013 இல் கோச் ஃபெர்குசனும் தலைமை நிர்வாகி டேவிட் கில்லும் ஒரே நேரத்தில் போனார்கள். ஃபுட்பால் டைரக்டர் என்று ஒருவரை அவர்கள் முதன்முதலாக நியமித்தது 2021 இல். இடையில் மோயஸ், வான் கால், மொரின்யோ, சோல்ஷேர் என்று நான்கு கோச்சுகள், நான்கு விதமான ஆட்டம். ஒருவருக்காக வாங்கிய வீரரை அடுத்தவர் ஆடவைக்கவே விரும்பவில்லை. 2024 இல் கோச் டென் ஹாக்கின் ஒப்பந்தத்தை ஜூலையில் நீட்டித்து அக்டோபரில் நீக்கினார்கள், ஜூலையில் வந்த ஸ்போர்ட்டிங் டைரக்டர் டான் ஆஷ்வொர்த் டிசம்பரில் போய்விட்டார், சீசன் நடுவில் வந்த அமோரிமுக்கு மூன்று சென்டர் பேக் முறை, கையில் இருந்ததோ நான்கு பேர் பின்வரிசைக்காகச் சேர்த்த அணி. 15 ஆம் இடம். இதில் அமோரிமின் பிடிவாதத்தையும் பேசலாம், பேச வேண்டும், ஆனால் வாதத்தை அங்கிருந்து ஆரம்பிக்காதீர்கள்.

பணக்கணக்கு கொஞ்சம் தெரிந்தால் போதும். 5 கோடி பவுண்டுக்கு 5 வருட ஒப்பந்தத்தில் ஒருவரை வாங்கினால் கணக்கில் வருடம் 1 கோடி செலவு. இரண்டு வருடம் கழித்து அவருடைய கணக்கு மதிப்பு 3 கோடி, அதற்குக் கீழே விற்றால் நஷ்டம். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரை ஏன் விற்கவில்லை என்று கத்துவதற்கு முன் இந்தக் கழித்தலைப் போட்டுப் பாருங்கள். அகாடமியில் வளர்ந்தவருக்கு வாங்கிய விலை இல்லை, விற்ற பணம் முழுக்க லாபமாகப் பதிவாகிறது, நாம் நேசிக்கிற பையன்களைக் கிளப்புகள் விற்பதற்கு இந்தக் கணக்கு பெரிய காரணம். எனக்கு அது பிடிக்கவில்லை, விதியே தவறான பக்கம் தள்ளுகிறது. ஆனால் விதி விளையாட்டும் இல்லை: பிரீமியர் லீக்கில் மூன்று வருடத்தில் 10.5 கோடி பவுண்டுதான் அதிகபட்ச நஷ்டம் என்றிருந்தபோது, 2023-24 இல் எவர்ட்டனுக்கு முதலில் 10 புள்ளி வெட்டி, மேல்முறையீட்டில் 6 ஆக்கி, பிறகு இன்னொரு 2 வெட்டினார்கள். நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டுக்கு 4.

ஸ்பெயினில் ரியல் மாட்ரிட், பார்சிலோனா மாதிரிக் கிளப்புகளில் உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள், ஜெர்மனியில் 50+1 விதி, அதாவது ஓட்டுரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும். அங்கே முதல் கேள்வியே அடுத்த தேர்தல் எப்போது என்பதாக இருக்கலாம்.

தாளைத் தூக்கிப் போடாதீர்கள்

டிரான்ஸ்ஃபர் சந்தை (வீரர்களை வாங்கி விற்கும் காலம்) மூடும் நாளில் இதையெல்லாம் எழுதித் தேதி போட்டு வையுங்கள். நீங்கள் தவறலாம் என்பதற்கு இடம் விட்டு எழுதுங்கள். 2024 ஆகஸ்டில் லிவர்பூலின் தாளை யார் போட்டிருந்தாலும் பின் மிட்ஃபீல்டர் கட்டத்தில் பெரிய ஓட்டை தெரிந்திருக்கும். சுபிமெண்டி வர மறுத்துவிட்டார், அந்த சீசனில் ஆடப் புதிதாக வந்தவர் கியேசா ஒருவர்தான். அந்த வேலையைக் கோச் ஸ்லாட் க்ராவன்பர்க்குக்குக் கொடுத்தார், அணி 84 புள்ளிகளோடு பட்டம் வென்றது. அந்தக் கட்டத்தைப் பென்சிலால் எழுதியிருந்தவர் அக்டோபரிலேயே அழித்துவிட்டு க்ராவன்பர்க் பெயரை எழுதியிருக்கலாம். ஜனவரி சந்தை திறக்கும்போது உங்கள் தாளை வெளியே எடுங்கள், ஆகஸ்டில் காலியாக விட்ட கட்டங்களில் இப்போது யார் ஆடிக்கொண்டிருக்கிறார்கள் என்று பாருங்கள், அதைக் கையில் வைத்துக்கொண்டு பேச்சைத் தொடங்குங்கள்.